கிராஸ்மேட்ச்: 'குறுக்குப் பொருத்தம்' வேண்டாம், 'முன்னெதிர்ப்பு' எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பு மாற்றுக்கான தமிழ்ச் சொற்களைத் தேடி மருத்துவர் அம்மா தொடங்கிய இழையில், கிராஸ்மேட்ச்சுக்கு (கொடையாளரின் அணுக்களை நோயாளியின் இரத்தம் தாக்குமா என்று அறுவைக்கு முன் பார்க்கும் சோதனை) இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: குறுக்குப் பொருத்தம், கலப்புப் பொருத்தம், ஒவ்வுமைச் சோதனை. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஓசையிலோ இலக்கணத்திலோ குறை சொல்ல வரவில்லை. அந்தச் சோதனை எதைத் தேடுகிறதோ, அதை இந்த மூன்று சொற்களும் தலைகீழாகச் சொல்கின்றன என்பதுதான் என் வாதம்.

இதை விளக்க, திசு வகை ஆய்வின் முன்னோடியான அமெரிக்க அறிவியலாளர் பால் டெரசாகியின் ஆய்வு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். திசு வகை கண்டுபிடிப்பது, இருவருடைய வகைகளையும் ஒப்பிடுவது, கிராஸ்மேட்ச் செய்வது ஆகிய மூன்றையும் நாம் இங்கே 'பொருத்தம்' என்ற ஒரே பைக்குள் போடப் பார்க்கிறோம். அவர் அவற்றைத் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனி விடை கண்டவர்.

டெரசாகி 1929-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர் குடும்பம் அரிசோனாவின் கீலா ரிவர் முகாமில் இருந்தது. போருக்குப் பின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1956-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்புறம் லண்டனில், மாற்றுத் திசுவை உடல் ஏன் ஏற்க மறுக்கிறது என்று ஆராய்ந்த பீட்டர் மெடாவரிடம் சிறிது காலம் பயிற்சி. உறுப்பு மாற்று உலகத்துக்குள் அவர் அறுவை மருத்துவராக வரவில்லை, விலங்கியலாளராக வந்தார் என்பதைக் கவனியுங்கள்.

1964-இல் அவர் மெக்லெலண்டுடன் சேர்ந்து வெளியிட்ட நுண் சோதனைதான் அவரை உலகறியச் செய்தது. வெள்ளணுக்களின் மேற்பரப்பில் ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாளங்கள் உண்டு. நாம் எச்.எல்.ஏ. என்று சொல்வது இவற்றைத்தான். அந்த அடையாளங்களை இனம்காண எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உள்ள சீரம், அதாவது இரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீர், வேண்டும். அது எங்கே கிடைக்கும்? பல முறை கருவுற்ற பெண்களின் இரத்தத்தில். குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற அடையாளங்களுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கும். ஆனால் நல்ல சீரம் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் கொஞ்சம்தான். டெரசாகியின் முறைக்கு ஒரு குழிக்கு ஒரு மைக்ரோலிட்டர் போதும், அதாவது ஒரு சொட்டில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவு நொடியில் காய்ந்துவிடும் என்பதால் மேலே எண்ணெய் விட்டு மூடினார்கள். சீரத்தில் வெள்ளணுக்களைச் சேர்த்து, பிறகு முயலின் சீரத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட்டை (எதிர்ப்பொருள் ஒட்டிய அணுக்களைத் துளைக்கும் புரதங்கள்) விடுவார்கள். எதிர்ப்பொருள் போய் ஒட்டிய அணுக்கள் செத்துவிடும். செத்த அணு சாயத்தை உள்ளே விடும், உயிருள்ள அணு விடாது. நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். அறுபதோ எழுபத்திரண்டோ குழிகள் கொண்ட அந்தச் சின்னத் தட்டுக்கு இன்றும் டெரசாகி தட்டு என்றுதான் பெயர். சீரம் நிரப்பி உறையவைத்த தட்டுகள் அவர் ஆய்வகத்திலிருந்து பல நாடுகளுக்குப் போயின.

இந்தச் சோதனை கண்டுபிடிப்பது ஒருவருடைய திசு எந்த வகை என்பதை. எனவே இதற்குத் 'திசு வகையறிதல்' போதும். 'இரத்த வகை' என்று ஏற்கெனவே எல்லாரும் சொல்கிறோம், 'திசு வகை' என்றால் விளக்கமே தேவைப்படாது. இழையில் இதற்குத் 'திசு வகைப்பாடு' என்று எழுதியவருக்கு ஒரு சொல்: வகைப்பாடு என்பது வகைகளை உண்டாக்கி அடுக்குவது. இங்கே வகைகள் ஏற்கெனவே இருக்கின்றன, இந்த ஆள் எதில் சேருவார் என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இருவருடைய வகைகளையும் பக்கத்தில் வைத்து எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ணுவது அடுத்த வேலை. எச்.எல்.ஏ.வில் ஏ, பி, டி.ஆர். என்ற மூன்று மரபணு இடங்கள், ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று, ஆக ஆறு. உடன்பிறந்த இருவருக்குள் முழுதும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி ஒத்திருக்க நான்கில் இரண்டு, ஒன்றுமே ஒத்துப்போகாமலிருக்க நான்கில் ஒன்று. இதற்குத் 'திசுப் பொருத்தம்' என்ற சொல் அருமையாகவே பொருந்துகிறது. ஆறுக்கு நாலு, ஆறுக்கு ஐந்து என்று மதிப்பெண் போடுகிற காரியம் இது.

இந்தப் பொருத்தத்துக்கு எவ்வளவு எடை என்ற கேள்விதான் டெரசாகிக்குச் சிக்கலைக் கொண்டுவந்தது. உடன்பிறந்தவர் முழுப் பொருத்தத்தோடு கொடுத்த சிறுநீரகங்கள் நன்றாக நிலைத்தன. ஆனால் இறந்தவர்களிடமிருந்து எடுத்த சிறுநீரகங்களில் கூடுதல் பொருத்தத்துக்கும் கூடுதல் பலனுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை என்று 1970-இல் தி ஹேக் மாநாட்டில் தன் தரவுகளை வைத்தார். திசு வகையறிதலையே தொழிலாகக் கொண்டவர், தன் தொழிலின் பயனைப் பற்றியே இப்படிப் பேசினார்! அவருக்கு வந்துகொண்டிருந்த அரசு ஆய்வு நிதி நிறுத்தப்பட்டது, பிறகு மறுபரிசீலனையில் திரும்பக் கிடைத்தது. அவருடைய தட்டை விட இந்த மாநாட்டு உரைக்காகத்தான் எனக்கு அவர் மேல் மதிப்பு அதிகம்.

இனி நம் சொல். 1969-இல் படேலும் டெரசாகியும் 225 சிறுநீரக மாற்றுகளை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். இதில் செய்தது மிக எளிது: நோயாளியின் சீரத்தை எடுத்து, கொடையாளரின் வெள்ளணுக்கள் மேல் விட்டுப் பார்ப்பது. அணுக்கள் செத்தால் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தும் மாற்று செய்யப்பட்ட 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே வீணாயிற்று. நெகட்டிவ் வந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்குத்தான். நோயாளியின் இரத்தத்தில் ஏற்கெனவே தயாராக நின்ற எதிர்ப்பொருள்கள் புது உறுப்பின் இரத்தக் குழாய்களைத் தாக்கி, சில நிமிடங்களிலோ மணிகளிலோ அதை அடைத்துவிடுகின்றன. முந்தைய கருவுறுதல், இரத்தம் ஏற்றியது, முன்பு செய்த உறுப்பு மாற்று, இவைதான் அந்த எதிர்ப்பொருள்கள் உண்டாகும் வழிகள். இந்தக் கட்டுரைக்குப் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் சிறுநீரகம் வைப்பது நின்றுபோனது.

ஆக, கிராஸ்மேட்ச் பொருத்தத்தை எண்ணவில்லை. பகை இருக்கிறதா என்று பார்க்கிறது. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்தும் ரஜ்ஜு தட்டினால் வேண்டாம் என்பார்களே, அந்த இடம் இதற்கு. ஆறுக்கு ஆறு திசுப் பொருத்தம் வேறு, இது வேறு.

இப்போது 'குறுக்குப் பொருத்தம் பாசிட்டிவ்' என்று ஒரு தாளில் எழுதி நோயாளியின் மனைவியிடம் கொடுத்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு பாசிட்டிவ் என்றால் ஆகாது என்று ஊருக்கே தெரியும், சரி. ஆனால் பக்கத்தில் 'பொருத்தம்' நிற்கிறதே! பொருத்தம் உண்டு என்று அவர் சாமி கும்பிடத் தொடங்கிவிடுவார். 'ஒவ்வுமை'யிலும் இதே தொல்லை. ஆங்கிலத்திலேயே குழப்பமான பெயர் அது, அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் இறக்குமதி செய்ய வேண்டுமா?

என் பரிந்துரை: முன்னெதிர்ப்புச் சோதனை. முடிவை 'முன்னெதிர்ப்பு உண்டு' அல்லது 'முன்னெதிர்ப்பு இல்லை' என்று எழுதலாம், பாசிட்டிவும் நெகட்டிவும் தேவையில்லை.

இன்னொரு வசதி, இந்தச் சொல் கிளை விடும். மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேரின் உறுப்புக்கு இந்த நோயாளியிடம் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று சொல்லும் பி.ஆர்.ஏ. கணக்குக்கு 'முன்னெதிர்ப்பு விகிதம்'. பிளாஸ்மாவை மாற்றி, மருந்து கொடுத்து எதிர்ப்பொருளைக் குறைக்கும் சிகிச்சைக்கு 'முன்னெதிர்ப்புக் குறைப்பு'. இப்போது அணுக்களையும் சீரத்தையும் கலக்காமலே, நோயாளியின் எதிர்ப்பொருள் பட்டியலையும் கொடையாளரின் திசு வகையையும் கணினியில் ஒப்பிட்டு முடிவு சொல்கிறார்கள். அதைக் 'கணிப்பு முன்னெதிர்ப்புச் சோதனை' எனலாம். 'கலப்புப் பொருத்தம்' இங்கே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் கலப்பே நடப்பதில்லை.

நேற்று ஐயா ஒருவர் தனிமடலில் கேட்ட ஐயம் நியாயமானது: தடுப்பூசி போட்டு முன்கூட்டியே பெறும் எதிர்ப்பு என்று, நல்ல பொருளில், யாராவது படித்துவிட மாட்டார்களா? படிக்கலாம். அதனால் படிவத்தில் முதல் முறை வரும்போது 'கொடையுறுப்பு முன்னெதிர்ப்பு' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இதைவிடக் குறுகிய வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரத்த வங்கியில் இரத்தம் ஏற்றும் முன் செய்யும் கிராஸ்மேட்ச்சை நான் தொடவில்லை. அங்கே முடிவைப் 'பொருந்துகிறது, பொருந்தவில்லை' என்ற பொருளில்தான் எழுதுகிறார்கள், 'இரத்தப் பொருத்தம்' அங்கே அப்படியே இருக்கட்டும்.

ஒப்புதல் படிவத்துக்கு எழுதிப் பார்த்த வரி இது: "கொடையாளரின் உறுப்புக்கு எதிராக உங்கள் இரத்தத்தில் முன்னெதிர்ப்பு உள்ளதா என்று அறுவைக்கு முன் சோதிக்கப்படும். முன்னெதிர்ப்பு இருந்தால் அறுவை தள்ளிவைக்கப்படலாம், அல்லது வேறு கொடையாளர் தேடப்படலாம்." டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதை இரண்டு மூன்று நோயாளிகளிடம் படித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதினால் நல்லது. ஹாப்லோடைப்பை (பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரே கொத்தாக வரும் மரபணுத் தொகுதி) வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 1967-இல் செப்பெலினி உண்டாக்கிய அந்தச் சொல்லுக்குத் தனி இழை தேவைப்படும்.

அன்புடன்.