குடும்பக் குழு: பிக்அப்பின் முன்பக்கம் இறங்க வேண்டும்

நான்: சித்தப்பா, பிக்அப்பின் முன்னால் இருந்த கனமான இரும்பு பம்பரையும் வின்ச்சையும் கழற்றிவிட்டேன். இப்போது முன்பக்கம் 50 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் சரியாகிவிடுமா?

அண்ணன்: எதற்கு வெட்ட வேண்டும்? கேஸ் அடித்துச் சூடாக்கினால் தானாக உட்கார்ந்துவிடும். என் நண்பன் வண்டிக்கு அப்படித்தான் செய்தார்கள்.

சித்தப்பா: வேண்டவே வேண்டாம்டா. ஸ்பிரிங் கம்பிக்குப் பதம் ஏற்றி வைத்திருப்பார்கள். அளவுக்கு மீறித் தீ பட்ட இடத்தில் அது போய்விடும். அப்புறம் ஓட ஓட அந்தச் சுற்று உட்கார்ந்துகொண்டே போகும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியும் உட்காராது. அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. இடது சக்கரத்துக்கு மேலே இரண்டு விரல்கூட நுழையவில்லை, வலது பக்கம் கையே போனது. கழற்றினால் ஒரு சுற்று நீலம் பாய்ந்து கிடந்தது. குடும்பத்தோடு அதில் ஓட்டி வந்திருந்தார்கள், எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அண்ணன்: சரி சித்தப்பா, அந்தப் பேச்சே வேண்டாம்.

சித்தப்பா: வெட்டினாலும் உயரம் மட்டும் குறையாது. ஸ்பிரிங் கடினமாகும்.

அக்கா: அது எப்படி? கம்பி அதேதானே?

சித்தப்பா: கம்பி அதேதான்மா. ஒரு எடையை வைத்தால் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் அமுங்கும். 6 சுற்று சேர்ந்து அமுங்கிய இடத்தில் 5தான் இருக்கிறது என்றால் மொத்த அமுக்கம் குறையும். 20 சதவீதம் கடினமாகிவிடும். பம்பர் எடைக்காகப் போட்ட ஸ்பிரிங் ஏற்கெனவே கடினம். வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங் கிடைக்காதா?

நான்: தேடிவிட்டேன், இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை.

சித்தப்பா: அப்படியானால் அளந்துவிட்டு வெட்டுவோம். இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று வை. வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்து. ஸ்பிரிங்கில் ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை டேப் பிடி. எடை தாங்கி நிற்கும்போது வருகிற அந்த அளவுதான், ஒரு சுற்று போனால் குறையும் உயரம். கழற்றிக் கீழே வைத்து அளந்தால் கூடுதலாகக் காட்டும், ஏமாந்துவிடுவாய். அப்புறம் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கிற கீழ் ஆர்மில், சேஸிஸ் பக்கத்து புஷ்ஷிலிருந்து (ரப்பர் மூட்டு) ஸ்பிரிங்கின் நடு எவ்வளவு தூரம், சக்கரப் பக்கத்து மூட்டான பால் ஜாயின்ட் எவ்வளவு தூரம் என்று பார்.

நான்: சுற்றுக்குச் சுற்று 50 மி.மீ. ஸ்பிரிங்வரை 20 செ.மீ., பால் ஜாயின்ட்வரை 40. மொத்தம் 6 சுற்று.

சித்தப்பா: ஸ்பிரிங் பாதித் தூரத்தில் இருக்கிறது. அது 25 குறைந்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 50 இறங்கும். அரைச் சுற்று போதும். நீ முழுச் சுற்று வெட்டியிருந்தால் 100 இறங்கியிருக்கும். ஆர்ம் அளவுக்கு மீறி ஏறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் உட்கார்ந்திருக்கும்.

அக்கா: வெட்டியதை ஒட்டவும் முடியாது.

நான்: 📷 ஸ்பிரிங்கின் மேல் முனை தட்டையாக இருக்கிறது. கீழ் முனை கம்பி ஓடி வந்து அப்படியே முடிகிறது.

சித்தப்பா: நல்லது, கீழ்ப்பக்கம் வெட்டலாம். இரண்டு முனையும் தட்டையாகவோ உள்ளே சுருண்டோ இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். வெட்டிய முனை ஆர்மில் சரியாகப் பொருந்தாது. நீ தனியாகக் கழற்றாதே. அமுங்கி நிற்கிற ஸ்பிரிங் நழுவினால் கை கால் மிஞ்சாது. ஞாயிறு, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸரோடு நான் வருகிறேன்.

ஞாயிறு, மாலை 5:40

நான்: முடிந்தது. சூடேறாமல் இருக்க, கட்டிங் வீலில் விட்டு விட்டு அறுத்தோம். நடுநடுவே சித்தப்பா ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். வெட்டிய முனை ஆர்மில் உள்ள குழியில் முட்டும்வரை ஸ்பிரிங்கைத் திருப்பி வைத்தார். ஜாக்கியில் முழுக்கத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் ஆடவில்லை என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் இறக்கினார்.

அக்கா: எவ்வளவு இறங்கியது?

நான்: சக்கரத்தின் ஹப் நடுவிலிருந்து அதற்கு மேலே ஃபெண்டர் விளிம்புவரை முன்பு இரண்டு பக்கமும் 530 மி.மீ. இப்போது இடது 482, வலது 484.

சித்தப்பா: இரண்டு பக்கத்துக்கும் 2 மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் முறுக்கினேன், தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் கிழிந்துவிடும். ஆனால் சக்கரம் சாய்கிற கோணமான கேம்பரும், உள்ளே வெளியே திரும்பி நிற்கிற கோணமான டோவும் மாறியிருக்கும். வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதே. ஹெட்லைட்டும் கீழே பார்க்கும், தூக்கி வை.

நான்: நாளை காலை முதல் வேலை அதுதான் சித்தப்பா.