மைனஸ் 30: சேவல் கொண்டை கருக்கிறது

பனிவயல்: கனடாவில் சஸ்காச்சுவான் பண்ணை, 12 கோழிகள். கூட்டில் இடுக்கெல்லாம் அடைத்தாயிற்று. ஆனாலும் காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் உறைபனி பூத்திருக்கிறது, சேவலுக்குக் கொண்டை நுனி கருக்கிறது. ஹீட் லாம்ப் மாட்டலாமா?

கூடுகட்டி: அடைத்ததுதான் கோளாறு. மூச்சிலும் எச்சத்திலும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொண்டையில் படிந்து உறைகிறது. கூரையை ஒட்டி, கோழி உட்காரும் கட்டைக்கு நன்றாக மேலே, எதிரெதிராக இரண்டு துவாரம் திறந்துவிடுங்கள். காற்று கோழிமேல் நேராக அடிக்கக் கூடாது. உட்காரும் கட்டை 2x4 (இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டம்) என்றால் அகலப் பக்கம் மேலே இருக்கட்டும், அப்போதுதான் வயிற்று இறகு விரல்களை மூடும். கருத்த நுனியைத் தேய்க்காதீர்கள், வெட்டவும் வேண்டாம்.

வடகாற்று: ஹீட் லாம்ப் வேண்டவே வேண்டாம் ஐயா. 250 வாட் பல்பு மரச்சீவலில் விழுந்தால் கூடே எரிந்துவிடும். கரண்ட் போனாலோ, சூட்டுக்குப் பழகிய கோழி திடீர்க் குளிரைத் தாங்காது. தண்ணீருக்குக் கறுப்பு ரப்பர் தொட்டி வாங்குங்கள். கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி முழுசாகக் கழன்று விழும். பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடும்.

பனிவயல்: தரையில் சீவல் எவ்வளவு?

கூடுகட்டி: 6 அங்குலமாவது. கட்டைக்கு அடியில் சேரும் எச்சத்தைத் தினமும் அள்ளுங்கள், ஈரம் குறையும். அடையும் முன் ஒரு பிடி மக்காச்சோளம் போடுங்கள்.