ஹேமாக்கில் தூங்க என்ன ஃபேன் வாங்கினீர்கள்? பட்டதைச் சொல்லுங்கள்

முதலில் என் கதை. போன மே மாதம், அக்னி நட்சத்திரம் நடக்கும்போதே, ஆனைமலை பக்கம் நண்பனின் தோப்பில் இரண்டு ராத்திரி ஹேமாக் (இரண்டு மரத்துக்கு நடுவில் தொங்கவிடும் துணிப் படுக்கை) கட்டிப் படுத்தோம். காட்டுக்குள் போகவில்லை, 2018 குரங்கணி தீக்கு அப்புறம் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கால் வைக்கிற எண்ணமே எனக்குக் கிடையாது. தோப்பிலும் தென்னைக்கு நடுவில் கட்டவில்லை, தூக்கத்தில் மட்டையோ தேங்காயோ தலையில் விழுந்தால் கதை முடிந்தது. வரப்போரம் இரண்டு மாமரம் இருந்தது, அதில்தான் கட்டினோம்.

அடியில் காற்று போவதால் டென்டைவிட ஹேமாக் எவ்வளவோ தேவலாம். ஆனால் அந்தப் பாராசூட் துணி, வேர்வை பட்டதும் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, கொசுவலை ஜிப்பை இழுத்து மூடினால் இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுபோகிறது. இதற்காகவே ஆன்லைனில் ஒரு நாலு இன்ச் ஃபேன் வாங்கியிருந்தேன், பெட்டியில் 10,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பத்து மணிக்கு ஓடவிட்டுப் படுத்தவன் ஒன்றரைக்கு விழித்துக்கொண்டேன். ஃபேன் செத்துக் கிடந்தது. அப்புறம் விடியும்வரை விசிறிமட்டைதான்.

ஊருக்கு வந்ததும் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்துத் தராசில் போடச் சொன்னேன். "இதையும் கிலோ கணக்கில் விற்கப் போறீங்களா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே போட்டார். 168 கிராம். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருக்குமே உருளை செல், 18650 என்பார்கள், அது ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும், பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் வரைதான் பிடிக்கும். பத்தாயிரம் வேண்டுமென்றால் மூன்று செல்லாவது வேண்டும், அதுவே 135 கிராம். மீதி 33 கிராமில் மோட்டார், இறக்கை, கூண்டு, கிளிப் எல்லாமா? திருகைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஒரே ஒரு செல். இப்போது ஃபேன் வாங்கப் போனால் எம்ஏஎச்சைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறேன்.

*

தம்பி, பேட்டரி சரியாக இருந்தாலும் மாட்டுகிற இடம் தப்பானால் பிரயோஜனம் இல்லை. நாங்கள் மரக்காணம் பக்கம் தெரிந்தவரின் சவுக்குத் தோப்பில் கட்டுவோம் (இளசாக இருந்தால் சவுக்கு வளையும், தொடை பருமனாவது இருக்கிற மரமாகப் பாருங்கள்). சாயங்காலம் கடல் காற்று ஜம்மென்று வரும், ராத்திரி பதினொன்றுக்கு மேல் இலை அசையாது, புழுக்கம் தாங்காது. முதல் தடவை ஃபேனை வலைக்கு வெளியே மரத்தில் கிளிப் போட்டு என்னைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். கொசுவலை பாதிக் காற்றைத் தின்றுவிட்டது. அடுத்த நாள் உள்ளே, மேலே நீளமாக ஓடுமே ரிட்ஜ்லைன் கயிறு, அதில் தலைமாட்டில் எஸ் கொக்கி போட்டுத் தொங்கவிட்டேன். காற்று வந்தது, ஆனால் காலையில் கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தல், தொண்டை வறண்டு பேச்சே வரவில்லை.

இப்போது கால்மாட்டில்தான் தொங்குகிறது, முட்டியிலிருந்து நெஞ்சுவரை காற்று தடவிப் போகிற மாதிரி சாய்த்து வைக்கிறேன். இன்னொரு தொல்லை, மோட்டாரின் அதிர்வு கயிறு வழியாகவே வந்து காதோரம் ங்ங்ங் என்று முனகும், கொசுவா ஃபேனா என்றே தெரியாது. பழைய சைக்கிள் ட்யூபில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொக்கிக்கும் ஃபேனுக்கும் நடுவில் கட்டினேன், முனகல் நின்றது. கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள், உப்புக்காற்றில் கம்பிக் கூண்டு இரண்டே சீசனில் துருப்பிடித்துவிட்டது, பிளாஸ்டிக் கூண்டே மேல்.

*

நான் பேட்டரி இல்லாத ஃபேன் கட்சி. ஃபேனோடு ஒட்டிப் பிறந்த பேட்டரி செத்தால் ஃபேனும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. யூஎஸ்பி வயர் மட்டும் உள்ள ஃபேன், தனியாக ஒரு நல்ல பவர்பேங்க், அதுவே போனுக்கும் ஆகிறது. கணக்கு சுலபம். நிஜமான 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் 37 வாட்-ஹவர் (37 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கிற அளவு), வோல்டேஜ் மாற்றத்தில் வீணாவது போக முப்பது கைக்கு வரும். குறைந்த ஸ்பீடில் ஃபேன் இரண்டரை வாட் இழுத்தால் பன்னிரண்டு மணி நேரம். அதே ஃபேன் முழு ஸ்பீடில் ஐந்து வாட், ஆறு மணி நேரத்தில் காலி.

ஆனால் எனக்கு நடந்தது வேறு. மிச்சம் பிடிக்கலாம் என்று ரொம்ப மெதுவாக ஓடவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை தானாக நின்றுவிடும், பொத்தானை அழுத்தினால் ஓடும், மறுபடி நிற்கும். ஃபேன் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் பார்த்தால் கரண்ட் மிகக் குறைவாகப் போவதால் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து பவர்பேங்க்தான் அணைந்துகொண்டிருந்தது! ஒரு ஸ்பீடு கூட்டி வைத்ததும் விடியும்வரை ஓடியது.

பெண்களுக்கு ஒன்று: முடியைப் பின்னிக்கொண்டு படுங்கள். பெரிய ஓட்டை வைத்த கூண்டு என்றால் திரும்பிப் படுக்கும்போது முடி சிக்கும், நான் பட்டிருக்கிறேன், இருட்டில் கத்தரிக்கோல் தேடியது எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஃபேனில் எரிகிற அந்த நீல விளக்கு. பூச்சியெல்லாம் வலையில் வந்து அப்பியது, எனக்கும் தூக்கம் போச்சு. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டேன்.

*

அக்கா சொன்ன பொட்டு பிரமாதம்.

நான் வேலூர்க்காரன், எங்கள் வெயில் தெரியும்தானே. நாற்பது டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பகலில் ஹேமாக்கில் கிடந்து பார்த்தேன், அடுப்பை ஊதினால் அனல் முகத்தில் அடிக்குமே, அப்படி இருந்தது. பேசாமல் கிணற்றில் இறங்கிவிட்டேன். ராத்திரி வேறு கதை, வறண்ட காற்று என்பதால் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நெஞ்சில் போட்டுக்கொண்டு முதல் ஸ்பீடில் வைத்தாலே குளிர் எடுக்கிறது. கடற்கரைக்காரர்களுக்கு இது பலிக்காது, அங்கே துண்டு காயவே காயாது.

*

எல்லாருக்கும் நன்றி. சைக்கிள் கடையில் ட்யூப் துண்டு சும்மாவே கொடுத்தார். ஆறு இன்ச் ஃபேன் ஒன்று வாங்கிவிட்டேன், அரை கிலோ இருக்கிறது, அதனால் பேட்டரியில் நம்பிக்கை வந்தது. மொட்டைமாடியில் இரண்டு தூணுக்கு நடுவில் கட்டிப் பார்த்தேன், குறைந்த ஸ்பீடில் பத்து மணிக்குப் போட்டது காலை ஏழுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சிக்கல், அந்தக் கனத்துக்கு ரிட்ஜ்லைன் தொய்ந்து கொசுவலை மூக்கில் வந்து இடிக்கிறது. கால்மாட்டில் மரத்துக்குப் பக்கமாக இன்னும் தள்ளி மாட்டலாமா, இல்லை ஃபேனுக்கு மட்டும் தனிக் கயிறு கட்டலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் மறுபடி தோப்புக்குப் போகிறோம்.