லீடு ஒன்று தலைகீழாக வந்துவிட்டது, கை ஒயர் மாறினால் ஏன் இப்படி?

கத்துக்குட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ஈசிஜி டெக்னீஷியன் கோர்ஸில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. முந்தாநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, நெஞ்செரிச்சல் என்று ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். சீனியர் சாப்பிடப் போயிருந்ததால் நானே எடுத்தேன். பேப்பரைக் கிழித்துக் கொடுத்ததும் டூட்டி டாக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கா, இல்ல உனக்கு வலது இடது தெரியலையா?" என்றார். லீடு ஒன்றில், அதாவது இரண்டு கைகளுக்கும் இடையே எடுக்கும் பதிவில், பி, க்யூஆர்எஸ், டி என்ற மூன்று அலைகளும் தலைகீழாக இருந்தன. மறுபடி எடுத்தேன், சரியாக வந்தது. வலது கைக்கான சிவப்பு ஒயரையும் இடது கைக்கான மஞ்சள் ஒயரையும் மாற்றி மாட்டியிருக்கிறேன்.

கை மாறினதற்கு அலை ஏன் கவிழ வேண்டும்? உண்மையிலேயே இதயம் வலப்பக்கம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, ரேட், அதாவது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று கேட்டார். இரண்டு துடிப்புக்கு நடுவில் உள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300-ஐ வகுக்கும் கணக்கைப் போட்டேன். முதல் இரண்டு துடிப்புக்கு 75 வந்தது, அடுத்த இரண்டுக்கு 100. எதைச் சொல்வதென்று தெரியாமல் முழித்தேன்.

ஜெல்டப்பா:

தம்பி, பத்தொன்பது வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். முதல் மாதத்தில் நானும் மாற்றி மாட்டியவள்தான். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்திருக்கும், நீ கால்மாட்டில் நின்று மாட்டியிருப்பாய். அங்கே நின்றால் அவருடைய வலது கை உனக்கு இடப்பக்கம்.

இதயம் புத்தகத்துப் படத்தில் இருப்பதுபோல நட்டுக்கொண்டு நிற்பதில்லை. சாய்ந்து படுத்திருக்கிறது, நுனி இடது கீழே. துடிப்பு தொடங்கும் எஸ்ஏ நோடு வலது மேலறையின் உச்சியில், மேற்பெருஞ்சிரை வந்து சேருமிடத்தில் இருக்கிறது. அங்கே கிளம்பும் மின்சாரம் இரண்டு மேலறையிலும் பரவும்போது பி அலை. அப்புறம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஏவி நோடில் கொஞ்சம் காக்க வைக்கப்படும். மேலறை ரத்தம் கீழே இறங்க அவகாசம் வேண்டாமா? பிறகு ஹிஸ் கற்றை, அதன் வலது இடது கிளைகள், பர்கின்ஜி இழைகள் வழியாகக் கீழறைகளில் பாய்கிறது, அதுதான் க்யூஆர்எஸ். கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்புவது டி. மொத்தமாகப் பார்த்தால் மின்சாரம் வலது மேலிருந்து இடது கீழே போகிறது.

லீடு ஒன்று என்பது இடது கையின் மின்னழுத்தத்திலிருந்து வலது கையுடையதைக் கழித்து எழுதுவது. மின்சாரம் இடது கைப்பக்கம் வந்தால் கோடு மேலே ஏறும். மிஷினுக்குக் கண் கிடையாது. சிவப்பு எங்கே இருக்கிறதோ அதுதான் அதற்கு வலது கை. நீ மாற்றினாய், கழித்தலும் மாறியது, கோடு கவிழ்ந்தது. அதோடு லீடு 2ம் 3ம் இடம் மாறியிருக்கும், வலது கைப் பக்கமிருந்து பார்க்கும் ஏவிஆரும் இடது கைப் பக்கமிருந்து பார்க்கும் ஏவிஎல்லும் இடம் மாறியிருக்கும். கால் பக்கமிருந்து பார்க்கும் ஏவிஎஃப் மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பேப்பரை எடுத்துப் பார், ஏவிஆர் நிமிர்ந்து நிற்கும். சாதாரணமாக அது குப்புறக் கிடக்க வேண்டிய லீடு.

நிஜமாகவே வலப்பக்க இதயமா என்பதை மார்பில் வலமிருந்து இடமாக ஒட்டும் வி1 முதல் வி6 வரையிலான லீடுகள் சொல்லிவிடும். ஒயர் மாறிய கேஸில் வி1-இல் குட்டியாக இருக்கும் ஆர் (க்யூஆர்எஸ்ஸில் மேலே ஏறும் முனை), வி4, வி5 வரை வழக்கம்போல வளர்ந்துகொண்டே போகும். வலப்பக்க இதயத்தில் வி6 பக்கம் போகப்போகச் சிறுத்துவிடும், ஏனென்றால் நீ இதயத்தைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறாய்.

வலது கையில் ஆரம்பித்து இடது கை, இடது கால், வலது கால் என்று சுற்றி வா. சிவப்பு, மஞ்சள், பச்சை, சிக்னல் வரிசை. கடைசியில் கறுப்பு, அது தார் ரோடு.

அரைக்கை சட்டை:

கறுப்பு வெறும் எர்த்துதானே, அதை எங்கே மாட்டினால் என்ன?

ஜெல்டப்பா:

கால் இரண்டுக்குள் மாறினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சிவப்போடு மாறினால் தெரியும். லீடு 2 என்பது இடது காலுக்கும் வலது கைக்கும் உள்ள வித்தியாசம். சிவப்பு வலது காலுக்குப் போய்விட்டால் இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசமாகிவிடும். அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கோடு படுத்துவிடும். நோயாளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், நாம் அலறுவோம்.

நைட்டூட்டி நர்ஸ்:

ரேட் பற்றி யாரும் சொல்லவில்லையே. பேப்பர் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. நிமிடத்துக்கு 300 பெரிய கட்டம், அதனால்தான் அந்த 300. உங்களுக்கு ஓரிடத்தில் நான்கு கட்டம், இன்னோரிடத்தில் மூன்று கட்டம் இருந்திருக்கிறது. துடிப்பு சீராக இருந்தால்தான் அந்தக் கணக்கு. இல்லையென்றால் 30 பெரிய கட்டத்தை, அதாவது 6 நொடியை, அளந்து அதற்குள் இருக்கும் க்யூஆர்எஸ்ஸை எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். அத்தோடு பி அலை இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பி இல்லாமல், இடைவெளியும் தாறுமாறாக இருந்தால் அது மேலறை நடுக்கமாக இருக்கலாம். டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

கத்துக்குட்டி:

அக்கா, பேப்பரை எடுத்துப் பார்த்தேன், ஏவிஆர் நிமிர்ந்துதான் இருக்கிறது! கால்மாட்டில் நின்றதும் உண்மை. நர்ஸ் அக்கா, பி எல்லாத் துடிப்புக்கும் முன்னால் இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் இருந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். 30 கட்டத்தில் எட்டு இருந்தது, ஆக 80. இரண்டாவது ஈசிஜி நார்மல் என்றாலும் பெரியவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மாரடைப்பின் ஆரம்பத்தில் ஈசிஜி நன்றாகவே இருக்கலாமாம். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினைப் பார்த்து, மறுபடி இரண்டு தடவை ஈசிஜி எடுத்து, காலையில்தான் விட்டார்கள்.

இன்றைக்கு ஏழு பேருக்கு எடுத்தேன். ஏழிலும் கிழிப்பதற்கு முன்னால் ஏவிஆரைப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது ஆளுக்கு வி1-ஐ நான்காவது விலா இடைவெளியில் வைக்காமல் இரண்டாவதில் வைத்திருக்கிறேன் என்று சீனியர் பிடித்துவிட்டார். விலாவை எண்ணுவது எப்படி என்று தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.