ஏப்ரல்ல மோன் போறோம், ஆவோலிங் திருவிழா பாக்க. போனவங்க யாராவது இருக்கீங்களா?

கோவைப்பொண்ணு:
வணக்கம். நானும் பெரியம்மா பையனும் ஏப்ரல் முதல் வாரம் நாகாலாந்து மோன் மாவட்டத்துல கோன்யாக்ங்கிற நாகா இன மக்களோட ஆவோலிங் பாக்கப் போலாம்னு இருக்கோம். டிசம்பர்ல கோஹிமா பக்கம் கிசாமால நடக்குற ஹார்ன்பில் திருவிழாவுக்குத்தான் எல்லாரும் போகச் சொல்றாங்க, ஆனா அது எல்லா இனத்தையும் ஒரே இடத்துல கூட்டி அரசாங்கம் நடத்துறது, எனக்கு ஒரு ஊர்க்காரங்க தங்களுக்காகக் கொண்டாடுறத பாக்கணும். 1லேர்ந்து 6 தேதி வரைக்கும்னு சொல்றாங்க, எங்களால மூணு நாள்தான் தங்க முடியும், எந்த மூணு நாள் போறது? அசாம்ல இருக்குற டிப்ருகர்லேர்ந்து எப்படிப் போகணும்? நான் சைவம், அண்ணனுக்கு கனடா பாஸ்போர்ட், இது ரெண்டும் சிக்கலாகுமா? முகத்துல பச்சை குத்தின தாத்தாக்கள போட்டோ எடுக்க விடுவாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மலைவழி:
3ஆம் தேதி இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேந்துடுங்க சகோ. காட்டுல வெதச்சு முடிச்சதும் வர்ற வசந்த காலத் திருவிழா இது. மொத ரெண்டு நாள் வெறகு சேக்குறது, துணி நெய்யுறது, ஆடு மாடு கட்டிவெக்கிறதுன்னு ஏற்பாடுலயே போயிடும், மூணாம் நாள் அந்த ஆடு மாட்ட அறுப்பாங்க, அதுவும் உங்களுக்குப் பாக்கக் கஷ்டமா இருக்கும். 4ஆம் நாள்தான் பெரிய நாள். எல்லாரும் முழு அலங்காரத்துல வருவாங்க, ஆட்டம், விருந்து, நாட்டுத் துப்பாக்கி வேட்டு எல்லாம் அன்னிக்குத்தான். அந்தத் துப்பாக்கிய அவங்களே செய்வாங்க, கோன்யாக் கொல்லர்கள் அதுல பேர் போனவங்க. குழாய்ல மருந்து கொட்டி கம்பியால குத்திக் குத்தி எறக்கி வரிசையா வானத்தப் பாத்து வெடிப்பாங்க பாருங்க, பக்கத்துல நின்னா நெஞ்சு அதிரும், பொகை அடங்கவே நேரமாகும். அஞ்சாம் நாள் சொந்தபந்தம் ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டு சாப்பாடு போடுவாங்க, பெரியவங்களுக்கு மரியாதை பண்ணுவாங்க, ஆறாம் நாள் ஊர சுத்தம் பண்ணிடுவாங்க. நீங்க கேக்குற மாதிரி பாக்கணும்னா அஞ்சாம் நாள விட்றாதீங்க, விருந்தாளியா ஒரு வீட்டுக்குள்ள உக்கார்றதுக்கு அதவிட நல்ல நாள் கிடையாது. மோன் டவுன் மைதானத்துல மேடை, மைக், சிறப்பு விருந்தினர் பேச்சுன்னு இருக்கும், அத ஒரு மணி நேரம் பாத்துட்டு ஏதாவது கிராமத்துக்குப் போயிடுங்க.

வழி சுலபம்தான், டிப்ருகர்லேர்ந்து சோனாரி, அங்கேர்ந்து திசித் வழியா மோன். சோனாரில காலைலயே ஷேர் சுமோ ஜீப் புடிச்சிடுங்க. ஞாயித்துக்கெழம நாகாலாந்துல வண்டி, கடை எதுவும் கெடைக்காது, எல்லாரும் சர்ச்சுக்குப் போயிடுவாங்க, ஈஸ்டர் அந்த வாரம் வந்தா இன்னும் கவனமா பிளான் போடுங்க. அந்தப் பக்கம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், மலை ரோடு, மழை வேற பெய்யும்.

பெர்மிட்_பாண்டி:
உங்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் வேணும், வெளி மாநிலத்துக்காரங்க நாகாலாந்துக்குள்ள போறதுக்கான அனுமதி அது. 1873ல வெள்ளக்காரன் போட்ட சட்டம், இன்னும் நடப்புல இருக்கு, ஆன்லைன்லயே போட்டோ, ஐடி குடுத்து வாங்கிடலாம், பிரிண்ட் ரெண்டு மூணு காப்பி வெச்சுக்கங்க. உங்க அண்ணன் கதை வேற. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்களுக்கு 2024 டிசம்பர்லேர்ந்து பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி மறுபடி கட்டாயமாயிடுச்சு, அத வாங்காம டிக்கெட் போடாதீங்க. பழைய வீடியோல தேவையில்லன்னு சொல்வாங்க, அத நம்ப வேண்டாம். மோன் தாண்டி லோங்வா போறதா இருந்தா இன்னொன்னு, அந்த ஊர் மியான்மர் எல்லை மேலயே இருக்கு, ஆங்க்னு சொல்ற ஊர்த்தலைவர் வீட்டுக்கு நடுவுலயே எல்லைக் கோடு போகுது. ராணுவம் கேட்டா காட்ட ஒரிஜினல் ஐடி கையில இருக்கணும்.

தேயிலைக்காடு:
நான் மேல் அசாம்ல வேலை பாத்தவன், போட்டோ பத்தி மட்டும் சொல்றேன் தங்கச்சி. அந்தத் தாத்தாக்கள் எல்லாருக்கும் வயசு ரொம்ப ஆயிடுச்சு, சில பேர்தான் மிச்சம். தலைவேட்டைக்குப் போனவங்களுக்குக் குத்துன பச்சை அது, அந்த வழக்கம் 1960கள்ல முழுசா நின்னுச்சு, இப்ப அவங்க பேரப்புள்ளைங்க போன்ல மெசேஜ் அனுப்பிட்டு வேலைக்குப் போற பசங்க, ஊரே பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போகுது. வந்த ஒடனே மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டிட்டு எத்தன தலை எடுத்தீங்கன்னு கேக்குறாங்க டூரிஸ்டுங்க, பாக்கவே மனசு கொதிக்கும். நம்ம தாத்தாகிட்ட யாராவது அப்படி வந்து கேட்டா விடுவோமா? அடுப்பு நடு வீட்டுல எரியும், மேல பரண்ல கறி பொகையில தொங்கும், அந்த அடுப்புப் பக்கம் உக்காந்து அவங்க குடுக்குற கட்டஞ்சாயாவக் குடிங்க, கூட வந்த ஊர்ப் பையன விட்டுப் பேசச் சொல்லுங்க, அவரே மணிமாலையப் போட்டுட்டு வந்து உக்காருவார். வேண்டாம்னு கையக் காட்டினா விட்டுடுங்க. சில பேர் காசு கேப்பாங்க, அது அவங்க உரிமை, பேரம் பேசாதீங்க. அபின் குடிக்கிறத படம் எடுக்க மட்டும் காசு நீட்டாதீங்க, அது அந்த ஊர்ல பல குடும்பத்தக் கெடுத்த விஷயம்.

கோவைப்பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், தேயிலைக்காடு அண்ணா சொன்னது மனசுல நிக்குது. 3லேர்ந்து 5 வரைக்கும்னு முடிவு பண்ணிட்டோம், அண்ணனோட அனுமதி வந்தப்புறம்தான் டிக்கெட். சாப்பாடு யாரும் சொல்லலையே?

மலைவழி:
அட ஆமா. சோறு, வேகவெச்ச கீரை, சேப்பங்கிழங்கு கெடைக்கும், ஆனா மூங்கில் குருத்துக் கொழம்புல பெரும்பாலும் பன்னிக்கறி இருக்கும், அதனால ஹோம்ஸ்டேக்காரங்ககிட்ட முன்னாடியே சைவம்னு சொல்லிடுங்க, அன்னிக்கு வந்து சொன்னா அவங்களுக்குத்தான் சங்கடம். பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துட்டுப் போங்க. பணம் சோனாரிலயே எடுத்துக்கங்க.