லெட் இட் டை: எந்த ஆயுதத்தை நம்பி மேலே ஏறுவது?

வணக்கம் நண்பர்களே, பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். நானும் தம்பியும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் லெட் இட் டை ஆடுகிறோம். ஒரு கோபுரத்தில் தளம் தளமாகச் சண்டை போட்டு மேலே ஏறும், 2016இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த இலவச கேம். எங்களிடம் இருப்பது 2018இல் வந்த கம்ப்யூட்டர் பதிப்பு.

கீழ்த்தளங்களைத் தாண்டிவிட்டோம். சிக்கல் அதற்கு மேலேதான். நல்ல வாளாகப் பார்த்து எடுத்துப் போனால், பெரிய எதிரியின் உயிர் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது சட்டென்று உடைந்துவிடுகிறது. அப்புறம் வெறும் கையால் குத்த வேண்டியதுதான், அதற்குள் மூச்சும் வாங்கிவிடுகிறது. பையில் வழியில் தின்னப் பொறுக்கிய காளானும் தவளையும் நிறைந்து மாற்று ஆயுதத்துக்கு இடமும் இல்லை.

ஆயுதம் செய்வதற்கான ப்ளூபிரிண்ட் சில கிடைத்திருக்கின்றன. சேர்த்த பொருட்களை ஒரே ஆயுதத்தை மேம்படுத்தப் போடலாமா, இரண்டு மூன்றாகப் பிரிக்கலாமா? செத்த வீரனை டெத் மெட்டல் (காசு போட்டும் வாங்கக்கூடிய கேம் நாணயம்) கொடுத்து அங்கேயே எழுப்புவதா, இன்னொரு வீரனை அனுப்பி மீட்பதா? தம்பி எழுப்பு என்கிறான். எனக்கு அதைச் சேர்த்து வைக்கத்தான் தோன்றுகிறது, காசு போட்டு வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

மேல்தளங்கள் வரை போனவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி. பெங்களூரில் யாராவது ஆடினால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து கற்றுக்கொள்கிறோம்.