கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைல்: விரல்நடையா, பல்விரல் மீட்டா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் சொற்களஞ்சியத்துக்காக, கிட்டார் தந்திகளை விரல்களால் தனித்தனியே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைலுக்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். நேற்றைய மடல்களைப் பார்த்தால் 'விரல்நடை' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. முத்திரை குத்துவதற்குள் குறுக்கே வருகிறேன். பெரம்பூரில் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லப்போகிறவனும் நான்தான்.

> ஸ்டைல் என்றால் நடை. உரைநடை போல விரல்நடை. எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் பாட்டுக்காரரிடம் 'நடை' என்றால் தாளக்கணக்கு. திஸ்ர நடை, சதுஸ்ர நடை, கண்ட நடை என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. 'விரல்நடையில் திஸ்ர நடை வாசி' என்று சொன்னால் பையன் என்னைத்தான் முறைப்பான்.

எங்கள் பக்கத்தில் புழங்குவதையும் சொல்லிவிடுகிறேன். சர்ச் கொயரில் வாசிக்கிற பசங்களுக்கு இரண்டே சொல்: ஸ்ட்ரம்மிங், பிளக்கிங். மொத்தமாக வருடினால் ஸ்ட்ரம்மிங், தந்தி தந்தியாகப் பிரித்து எடுத்தால் பிளக்கிங். ஃபிங்கர்ஸ்டைல் என்பது யூடியூப் பார்த்துத் தொற்றிக்கொண்ட சொல். இரண்டும் ஒன்றில்லை என்று பசங்களுக்கே தெரியும். பிளக்கிங்கில் பாட ஒருவர் வேண்டும், கிட்டார் அவருக்குப் பின்னால் நிற்கும். ஃபிங்கர்ஸ்டைலில் பாட ஆளே கிடையாது. மெட்டு, அடிச்சுரம் (பேஸ்), தாளம் மூன்றையும் ஒரே கை ஏற்றுக்கொள்கிறது. நாம் வைக்கிற சொல் இந்த வேலைப் பிரிவினையைத் தொட வேண்டும். வெறுமனே 'விரல்' என்றால் போதாது.

———

திருவொற்றியூரிலிருந்து:

தம்பி, வீணைக்காரியாக ஒரு வார்த்தை. நாங்களும் விரலால்தான் மீட்டுகிறோம். சுட்டுவிரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்தி நான்கில் மெட்டைப் பார்த்துக்கொள்ளும், சுண்டுவிரல் பக்கத்துத் தாளத்தந்தி மூன்றைத் தட்டும். மெட்டும் தாளமும் சுருதியும் ஒரே ஆள்தான். தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் வாழ்ந்த பக்கம் இது. தியாகராஜரே இங்கே வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கிருதி பாடியிருக்கிறார். அந்த வாசிப்பெல்லாம் விரல்நடை இல்லையா? கிட்டாருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

———

பெரம்பூரிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்னதிலேயே வித்தியாசம் இருக்கிறது. வீணையில் வலக்கைக் கட்டைவிரல் மீட்டுவதில்லை. கிட்டாரில் அதுதான் குடும்பத்தலைவர்: கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது தந்தி அதன் பொறுப்பு. மூன்றாவது, இரண்டாவது, முதல் தந்திக்குச் சுட்டு, நடு, மோதிர விரல். உங்களிடம் தாளம் போடும் சுண்டுவிரல் எங்களிடம் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன். காசிமேட்டுப் பக்கத்து அம்பா பாட்டு. வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து 'ஏலேலோ' என்றோ 'ஐலசா' என்றோ திருப்பிச் சொல்வார்கள். இதைக் கிட்டாரில் வாசிக்க ஆறாவது தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கி, ஈ-யிலிருந்து டி-க்குக் கொண்டுபோகிறேன். இப்போது ஆறு, ஐந்து, நாலு மூன்றையும் இடக்கை விரல் வைக்காமல் திறந்தபடி தட்டினால் ச, ப, ச. கீழ்ஸ்தாயியில் இடக்கைக்கு வேலையே இல்லை. எடுத்துக் கொடுப்பவரின் வரி மேல்ஸ்தாயித் தந்திகளில் வரும், கூட்டத்தின் குரல் கட்டைவிரலில். இழுப்பு விழும் இடத்தில் கட்டைவிரல் விழ வேண்டும், மெட்டு அதற்குச் சற்று முன்போ பின்போ வந்தால்தான் பாட்டுக்கு உயிர். தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ளங்கை ஓரத்தை லேசாக வைத்து அழுத்தினால் கட்டைவிரல் தந்திகள் நீளமாக ஒலிக்காமல் தொப்தொப்பென்று விழும். டோலக்கே வேண்டாம்.

(பிள்ளைகளிடம் 'மேல் தந்தி' என்று சொல்லக்கூடாது. கிட்டாரை மடியில் வைத்தால் மேலே இருப்பது கீழ்ஸ்தாயி. இதற்கும் யாராவது ஒரு சொல் தேடுங்கள்.)

இப்படி இரண்டு குரலைக் கை பிரித்துக்கொள்வதுதான் விஷயம். ஆகவே 'பல்விரல் மீட்டு' என்று முன்மொழிகிறேன். பிக்கால் (தந்தியை மீட்டும் சின்னத் தகட்டால்) வாசிப்பது ஒற்றை மீட்டு, இது பல்விரல் மீட்டு.

———

எழும்பூரிலிருந்து:

அன்பின் தம்பிக்கு, சொல்லைத் தேடி வெளியே போக வேண்டாம். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் எடுத்ததும் எட்டு இசைக்கரணங்கள் வருகின்றன: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்கிறது பழைய உரை. வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் கூட்டிச் செய்வது. உறழ்தல், ஒரு நரம்பையோ இரண்டு நரம்பையோ இடையில் விட்டுத் தாவுவது. எந்த விரல் எந்த நரம்பில் என்ன செய்கிறது என்று அன்றைக்கே பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'விரற்கரணம்' என்று வைத்தால் மரபும் நிற்கும்.

———

திருவொற்றியூரிலிருந்து:

ஐயா, அழகான சொல்தான். ஆனால் எங்கள் தெருவில் கரணம் என்றால் குட்டிக்கரணம் ஒன்றுதான்.

———

பெரம்பூரிலிருந்து:

ஐயா, தலைப்புக்கு இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பவற்றுக்கு இந்த எட்டும் தங்கம். வடித்தலைப் பாருங்கள், பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து தந்தியைக் கிள்ளி எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? வகுப்பில் 'பிஞ்ச்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இனி வடித்தல். கட்டைவிரல் ஆறிலிருந்து நாலுக்கும் நாலிலிருந்து ஆறுக்கும் மாறி மாறித் தாவுவது அமெரிக்க நாட்டுப்புற வாசிப்பின் உயிர்நாடி. கென்டக்கிக்காரர் மெர்ல் டிராவிஸ் பெயரில் டிராவிஸ் பிக்கிங் என்பார்கள். நடுவில் ஒரு தந்தியை விட்டுத் தாவுவதால் உறழ்தலின் இலக்கணத்துக்குள் சரியாக உட்காருகிறது. 'உறழ்கட்டை' என்று வைக்கலாமே என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அன்பரே, வியாசர்பாடியில் அதை உரக்கச் சொன்னால் உருட்டுக்கட்டை என்றுதான் காதில் விழும், யாராவது ஓடியும் விடுவார்கள். 'உறழ்மீட்டு' போதும்.

விரல் குறியீட்டையும் இதோடு முடித்துவிடலாம். உலகம் முழுக்க பி, ஐ, எம், ஏ என்று எழுதுகிறார்கள், ஸ்பானிய விரற்பெயர்களின் முதலெழுத்து. நாம் கட்டை, சுட்டு, நடு, மோதிரம் என்று எடுத்து முதலெழுத்தாகச் சுருக்கினால் க வருகிறது. சுரம் எழுதும் தாளில் க என்றால் காந்தாரம், கதை கந்தல். பெருவிரல், சுட்டு, நடு, அணிவிரல் என்று எடுத்தால் பெ, சு, ந, அ. சுரத்தோடு எதுவும் முட்டாது. பிள்ளைகள் கட்டைவிரல் என்றே சொல்லட்டும், தாளில் பெ என்று எழுதட்டும்.

———

கொளத்தூரிலிருந்து:

பல்விரல் மீட்டுக்கு என் ஓட்டு. சுருதி பற்றி ஒரு கேள்வி. ஆறாவதை மட்டும் இறக்குவது தாலாட்டுக்கும் போதுமா?

———

பெரம்பூரிலிருந்து:

போதும், ஆனால் ஆறாவதிலிருந்து முதல் தந்தி வரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி கூட்டினால் இன்னும் சுகம். இங்கிலாந்தின் கிட்டார்க் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் பரப்பியது. அயர்லாந்துப் பழம்பாடல் வாசிப்பவர்கள் இன்றைக்கும் அதிலேயே குடியிருக்கிறார்கள். ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் கிடைத்துவிடும். டி-யை ஷட்ஜமமாக வைத்துத் திறந்த தந்திகளைப் படியுங்கள்: ச ப ச ம ப ச. தம்பூராவுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! காந்தாரம் திறந்த தந்தியில் இல்லாததால் எந்த ராகச் சாயலுக்கும் இடம் கொடுக்கும். தாலாட்டில் சுரம் நின்று பேசாது, வழுக்கிக்கொண்டே போகும். அந்த வழுக்கல் இடக்கை வேலை. கட்டைவிரல் திறந்த தந்திகளில் சுருதியைப் பிடித்துக்கொண்டால் இடக்கைக்குக் கை நிறைய நேரம் கிடைக்கும். ஒப்பாரி மட்டும் எனக்கு இன்னும் கிட்டாரில் ஒப்பவில்லை. ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) போட்ட தந்தியில் அந்த விம்மல் பாதியில் நின்றுவிடுகிறது.

சொற்களஞ்சியத்துக்கு வரைவு:

பல்விரல் மீட்டு: பிக் இல்லாமல், பெருவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளையும் மற்ற விரல்கள் மேல்ஸ்தாயித் தந்திகளையும் தனித்தனியே மீட்டி, அடிச்சுரத்தையும் மெட்டையும் ஒருவரே வாசிக்கும் கிட்டார் முறை.

———

திருவொற்றியூரிலிருந்து:

தம்பி, வரைவில் 'பெருவிரல் கீழ்ஸ்தாயி' என்பதை இப்படி ஆணியடிக்க வேண்டாம். அமெரிக்க நாட்டுப்புறக் கிட்டார்க் கலைஞர் எலிசபெத் காட்டன் இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். அவர் கையில் கட்டைவிரல் மெட்டு எடுக்கும், மற்ற விரல்கள் அடிச்சுரம் போடும். அவருடையதும் பல்விரல் மீட்டுதானே? 'பெரும்பாலும்' சேருங்கள். பிக் விஷயமும் அப்படித்தான். டிராவிஸ் கட்டைவிரலில் பிக் மாட்டித்தான் வாசித்தார் என்கிறான் என் மகன். வீணையிலும் சிலர் விரலில் கம்பி மாட்டிக்கொண்டுதான் மீட்டுகிறார்கள். 'பிக் இல்லாமல்' என்பதை எடுத்துவிடுங்கள்.

———

பெரம்பூரிலிருந்து:

சரி அக்கா. 'பெரும்பாலும்' சேர்ந்தது, 'பிக் இல்லாமல்' போயிற்று. அதன் இடத்தில் 'விரல்களைத் தனித்தனியே இயக்கி' என்று போடுகிறேன். எழும்பூர் ஐயா வடித்தலுக்கும் உறழ்மீட்டுக்கும் ஆளுக்கொரு வரி எழுதிக் கொடுத்தால் மூன்றையும் சேர்த்தே ஏற்றிவிடலாம். கிட்டார் கழுத்தில் மாட்டித் தந்திகளை அழுத்தும் கபோவுக்கு 'கழுத்துக்கவ்வி' என்று யாரோ அனுப்பியிருந்தீர்கள். அதை இப்போதைக்குக் கபோவாகவே விட்டுவிடுவோம்.